ஒன்பதாவது மசாலா

மாவு சரியாக வந்திருக்கிறது. உருட்டினால் உருள்கிறது, அழுத்தினால் ஓரம் வெடிக்கவில்லை, இன்றைக்குத் தோற்க மாட்டேன். மணி பதினொன்று ஐந்து. சனிக்கிழமை என்பதால் ஷாரனுக்குப் பன்னிரண்டரை வரைதான் பள்ளிக்கூடம், ஒரு மணிக்கெல்லாம் வேன் கீழே வந்து நின்றுவிடும், அவளுடைய அப்பாவுக்கு ஷிப்டு முடிய இரண்டாகும், ஆக எனக்கு முழுசாக இரண்டு மணி நேரம், அதுவும் யாரும் எட்டிப் பார்க்காத இரண்டு மணி நேரம். கோதுமை மாவை அப்படியே பிசைந்து இடியாப்ப உரலில் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும், தோள்பட்டை விட்டுப்போகும். துணியில் கட்டி ஆவியில் அவித்துச் சலித்தால் சுலபமாக இறங்கும், ஆனால் காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். அதனால் அவித்த மாவு மூன்று பங்கு, அவிக்காதது ஒரு பங்கு, கொஞ்சம் தினை மாவு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, போன வாரம் நானாகவே கண்டுபிடித்தேன், கண்டுபிடிப்பதுதானே என் வேலை. பதினோரு வருடமாக அதுதான் வேலை. ஓசூரில் ஒரு நூடுல்ஸ் கம்பெனி, அதில் ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளை அறை, அறைக்குள் வெள்ளை கோட்டு போட்ட நான், பியூலா, வயது நாற்பத்து மூன்று, தூத்துக்குடிக்காரி, நாக்கை இன்ஷூர் பண்ணி வையுங்கள் என்று மேனேஜர் கேலி பேசும் பியூலா. எந்தப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறதே ஆரஞ்சு நிறப் பாக்கெட், அதற்குள் இருக்கும் சின்ன மசாலா உறை என்னுடையது. நாற்பத்தேழு தடவை கலந்து பார்த்தோம். நாற்பத்தாறு வரை ஏதோ ஒன்று நாக்கில் முட்டிக்கொண்டு நின்றது, நாற்பத்தேழாவதில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துவிட்டது. அறையிலிருந்த ஏழு பேரும் கரண்டியைக் கீழே வைக்காமல் திரும்பத் திரும்ப அள்ளினார்கள், எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த நிமிடத்துக்காக நான் வெட்கப்பட வேண்டுமா? வெட்கப்பட மாட்டேன். விஷம் கலக்கவில்லை, ருசி கலந்தேன். எல்லாம் அளவுக்குள்தான், எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருக்கிறது. உரலை அழுத்துகிறேன், இட்லித் தட்டில் நூல் நூலாக விழுகிறது, வளைத்து வளைத்து ஒரு கூடு, பக்கத்தில் இன்னொன்று. பார்க்க அழகாக இருக்கிறது. அவளும் பார்ப்பாள்.

மசாலாவை இன்றைக்கு ஒன்பதாவது முறையாகக் கலக்குகிறேன், இது வீட்டுக் கணக்கு. மூன்று நாள் மொட்டை மாடியில் காய்ந்த தக்காளி தோல் மாதிரி சுருங்கி, கடித்தால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து தாடையைப் பிடிக்கிறது. எண்ணெய் இல்லாமல் சட்டியில் பொறுமையாகச் சிவக்க வைத்த வெங்காயம், காய்ந்த பூண்டு, மல்லி, சீரகம், மிளகாய் வற்றல், சுக்கு ஒரு துளி, மாங்காய்ப் பொடி. எட்டாவது முறை வரை இவ்வளவும் இருந்தது, ஆனாலும் வாயில் போட்டால் குழம்புப் பொடி மாதிரித்தான் இருந்தது, கடைசியில் ஒரு இழுப்பு வரவில்லை, நாக்கின் பின்பக்கத்தில் நின்று இன்னும் கொடு என்று கேட்கும் இழுப்பு. அதைக் கம்பெனியில் ஒரு வெள்ளைத் தூளில் கால் கரண்டி போட்டுச் செய்துவிடுவோம். வீட்டில் எதைப் போட்டுச் செய்வது? காளான் காயவைத்துப் பொடித்தேன், பாதி வந்தது. வியாழக்கிழமை பல் தேய்க்கும்போது திடீரென்று தோன்றியது, கூனி. நகக்கண் அளவு இருக்கிற காய்ந்த இறால், வறுத்துப் பொடித்தால் ஒரு சிட்டிகை போதும், கூனி போட்டது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இழுக்கும். அது ஏன் எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை? மிக்ஸியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறது, தும்முகிறேன், விரலில் தொட்டு வைக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, வந்துவிட்டது, வந்தேவிட்டது, உப்பு பாக்கெட்டில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆனாலும் வந்துவிட்டது. பியூலா, உன்னை அடிக்க ஆளில்லை. அம்மா, அது நீ செஞ்சதுதானே? என்று ஷாரன் கேட்டாள், ஸ்கேனை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் வரும்போது, தெருப் பக்கம் பார்த்துக்கொண்டே. மூன்று வாரமாகிறது. நான் என்ன சொன்னேன்? ஆட்டோக்காரரிடம், அண்ணா லெப்ட்ல போங்க என்றேன். லெப்டில் போக வேண்டிய இடமே இல்லை, அவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள், இவளை மட்டும் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டு கொடுத்துவிட்டார்கள், டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார், ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு. பயப்படாதீங்க, இது ஆரம்பம்தான், பாக்கெட்டை நிறுத்துங்க, ஓட விடுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம், சரியாயிடும் என்றார் டாக்டர், பிறகு அவளிடம், என்னம்மா ரொம்பப் பிடிச்சது என்று கேட்டார். அவள் ஆரஞ்சு பாக்கெட் என்றாள். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

ஈரல் என்ற வார்த்தைதான் கெட்ட வார்த்தை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம், அது ஜெபராஜ் அண்ணன். கண் மஞ்சளாகி, கால் மெலிந்து, வயிறு மட்டும் மாசமானவள் வயிறு மாதிரி உப்பி, நாற்பத்தாறு வயதில் போய்விட்டான். அது குடி. இது குடி இல்லை, இது வேறு, டாக்டர் தெளிவாகச் சொன்னார், நானும் படித்தவள்தான், எனக்கும் தெரியும். ஆனால் ஷாரன் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தால் நான் ஏன் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். தண்ணீர் கொதித்துவிட்டது, தட்டை இறக்கி மூடுகிறேன், பத்து நிமிடம். போன் அடிக்கிறது. நினைத்தால் வந்துவிடுகிறார்கள், தூத்துக்குடியிலிருந்து மைனி, ஜெபராஜ் அண்ணனின் மனைவி. "என்ன பியூலா, என்ன செய்யுத?" சமையல்தான் மைனி. "புள்ள எங்க?" ஸ்கூல் மைனி, இப்ப வந்துருவா. "சாப்பிடுதாளா?" சாப்பிடுதா. "பொய் சொல்லாத. நேத்து எனக்குப் போன் போட்டா. அம்மா தெனமும் ஒரு புல்லையும் வைக்கோலையும் அவிச்சுத் தாரா அத்தைன்னு சொல்லுதா. ஏட்டி, வளருத புள்ளைய இப்படி வாட்டலாமா? ஒரு நாள் அந்தப் பாக்கெட்ட வாங்கிக் குடுத்தா புள்ள செத்தா போவா?" சட்டென்று மைனி நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஏதோ மீன்காரர் கூவுவது கேட்டது. பிறகு மைனி சின்னக் குரலில், "நான் அந்த அர்த்தத்துல சொல்லல்ல" என்றார்கள். தெரியும் மைனி. "நீ செய்யி. நீ செஞ்சா சரியாத்தான் செய்வ. உங்க அண்ணனுக்குத்தான் நான் ஒண்ணும் செய்யல்ல." மைனி, நீங்க என்ன செய்ய முடியும். "கேட்டிருக்கலாம்லா. என்னத்துக்குக் குடிக்கியன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்லா. சண்டைதான் போட்டேன், கேக்கல்ல." சரி மைனி, அடுப்புல இருக்கு, அப்புறம் கூப்பிடுதேன். வைத்துவிட்டேன். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது, கண் கலங்குவதற்கு நல்ல காரணம். நூல்கள் ஒட்டவில்லை. ஒட்டவே இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி மினுமினுவென்று. இப்போது ஓவனில், குறைந்த சூட்டில், ஐம்பது நிமிடம். கம்பெனியில் இந்த இடத்தில் எண்ணெயில் போட்டு ஒரு நிமிடத்தில் தண்ணீரை விரட்டிவிடுவோம், தண்ணீர் போன ஓட்டையில் எல்லாம் எண்ணெய் போய் உட்காரும், அந்த ஓட்டை வழியாகத்தான் இரண்டே நிமிடத்தில் வேகிறது. எண்ணெய் இல்லாமல் ஓவனில் காய்ந்தால் நாலு நிமிடம் ஆகும். ஆகட்டுமே. இரண்டு நிமிடம் கூடப் பொறுக்க முடியாத பசி உலகத்தில் எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது.

என்னத்துக்குக் குடிக்கியன்னு கேட்டிருக்கலாம்லா. மைனி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், எனக்கு இங்கே ஓவன் கண்ணாடி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் அதுவே ஓடுகிறது. ஷாரனிடம் என்ன கேட்பது? ஏன் அது பிடிக்கிறது என்றா? ஏன் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியாதா, பிடிக்க வேண்டும் என்றுதானே பதினோரு வருடம் உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் முறை ஓட்ஸ், மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கேழ்வரகு, அம்மா இது மண்ணு மாதிரி இருக்கு என்றாள், அன்றைக்காவது பேசினாள். அதன் பிறகு பேச்சே இல்லை. தட்டில் வைத்தால் பாதி சாப்பிடுவாள், மீதியைத் தானே கொண்டுபோய்ப் போடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். கழுவி வைக்காதே என்று கத்த வேண்டும்போல் இருக்கும், இதற்கு முன்னால் என்றைக்காவது தட்டைக் கழுவியிருக்கிறாளா. விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறாள். மாதம் ஒரு பெட்டி, கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இலவசம், அதை நான்தான் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வருவேன், பிரிட்ஜுக்கு மேலே வைப்பேன். ஷாரன் ஸ்டூல் போட்டு ஏறிய நாளிலிருந்து பெட்டி காலியாகிற வேகம் கூடிக்கொண்டே போனது, எனக்கு அதில் சந்தோஷம். சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிடுகிறார்கள், என் பிள்ளையும் சாப்பிடுகிறது, அவள் அப்பா டேனியல்கூட ஒருமுறை, உன் ரசிகை நம்பர் ஒண்ணு வீட்டுக்குள்ளயே இருக்கா பாரு என்றார். அந்தப் பெட்டியை இப்போது வாங்குவதில்லை. ஸ்டோர்காரர் கேட்டார், ஏன் மேடம் வேண்டாமா. இடம் இல்லை என்றேன். அவரிடமும் லெப்டில் போகச் சொன்ன மாதிரிதான். திங்கட்கிழமை திரும்ப அதே அறைக்குப் போவேன், கோட்டு போடுவேன், வேலையை விட்டுவிடுவாயா என்று டேனியல் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன், விட்டால் என் இடத்தில் இன்னொரு நாக்கு வந்து உட்காரும், அந்த நாக்குக்கு ஷாரனைத் தெரியாது. இப்போது நான் உப்பைக் குறைத்துக் கேட்கிறேன். போன கூட்டத்தில் கேட்டேன். சிரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன், இன்றைய மசாலாவை ஒரு டப்பாவில் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டுக் கேட்பேன், அந்த ஏழு பேரின் கரண்டியும் எனக்குத் தெரியும். ஓவனுக்குள் நிறம் மாறுகிறது, வெளுப்பிலிருந்து பொன் நிறத்துக்கு, வாசம் கிளம்பிவிட்டது, ரொட்டி சுடுகிற வாசம். ஓரத்தில் உடைந்து விழுந்த துண்டுகள் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டன. போகட்டும், கூடு கூடாக இருக்கிற நாலும் முழுசாக இருக்கின்றன. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. தண்ணீரை வைத்துவிட வேண்டியதுதான்.

வேன் ஹார்ன். இரண்டு அடி, அது எங்கள் வேன்தான். படி ஏற அவளுக்கு இரண்டு நிமிடம், ஷூ கழற்ற ஒரு நிமிடம், கை கழுவ ஒன்று, நாலு நிமிடம், கணக்கு கச்சிதம். கூடுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறேன், மசாலா இரண்டு கரண்டி, கேரட் துருவல், பட்டாணி, தண்ணீர் சிவந்து கொழகொழவென்று வருகிறது, அதே நிறம், அதே வாசம், கண்ணைக் கட்டிவிட்டு வெள்ளை அறையில் உட்கார வைத்தால் நானே தடுமாறுவேன். கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன், ஆவி பறக்கிறது. ஷாரன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "என்னம்மா, வாங்கிட்டியா?" வாங்கல, செஞ்சேன், வா, கை கழுவிட்டு வா. உட்கார்ந்தாள். முள்கரண்டியில் சுற்றி ஒரு வாய். மென்றாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுங்கினாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். பிடிக்காததை நல்லா இருக்கு என்று சொல்கிற குரலை எனக்குத் தெரியும், பதினோரு வருடம் அந்தக் குரலைத்தான் கேட்டு வடிகட்டியிருக்கிறேன். என்ன குறையுது சொல்லு. "ஒண்ணும் குறையல. அதே மாதிரிதான் இருக்கு." அப்புறம் ஏன் இப்படிச் சொல்லுத? "எப்படிச் சொன்னேன்? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்." இன்னொரு வாய் எடுத்தாள், எனக்காக எடுத்தாள், பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள், மீதியை மூடி வைக்க. நான் மேசையிலேயே இருந்தேன். மசாலா சரி, வாசம் சரி, வழுவழுப்பு சரி, அப்புறம் எது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கறுக். இன்னொன்று, கறுக் முறுக். எழுந்து போய்ப் பார்த்தால் ஷாரன் ஓவன் தட்டின் முன்னால் நிற்கிறாள், உடைந்து சிவந்து நான் ஒதுக்கி வைத்த துண்டுகள் அவள் வாயில். "அம்மா, இது என்னது?" அதேதான்டி, வேக வைக்காதது, உடைஞ்சு போச்சு, அதைப் போய்த் தின்னாத. "மசாலா மிச்சம் இருக்கா?" மிக்ஸி ஜாரில் இருந்தது. துண்டுகளைக் கையால் நொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான் ஒரு சிட்டிகை தூவினேன். அண்ணாந்து வாயில் கொட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "இதான்" என்றாள். "இன்னும் கொஞ்சம் போடு."

எது இதான்? எனக்குப் புரியவில்லை. ஷாரனுக்கு நான் புரியாமல் நிற்பது புரியவில்லை. "அம்மா, பாக்கெட்டைப் பிரிக்காமலே கையால நொறுக்கணும். அப்புறம் மசாலாவை உள்ள கொட்டிக் குலுக்கி அப்படியே சாப்பிடுவோம். வேன்ல எல்லாரும் அப்படித்தான்." வேக வைக்கவே மாட்டியளா? "அது எதுக்கு? வீட்டுல யாராவது செஞ்சு குடுத்தா சாப்பிடுவோம். உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. இருநூறு மில்லி கொதிக்கிற தண்ணீரில் கரைந்தால் எப்படி இருக்கும் என்றே நாற்பத்தேழு தடவையும் கலந்திருக்கிறேன். வழுவழுப்புக்கு ஒரு பொருள், மிதக்கிற எண்ணெய்க்கு ஒரு பொருள், கிண்ணத்தின் அடியில் மிஞ்சுகிற சாறு எத்தனை என்று ஒரு பட்டியல். இந்தப் பிள்ளைகள் தண்ணீரே சேர்க்காமல், ஒரு உறை உப்பையும் அப்படியே, உள்ளங்கையிலிருந்து. சிரிப்பு வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிட்டிருப்பாய் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்தி, வேறொன்றைச் சொன்னேன். ஷாரன், அன்னைக்கு ஆட்டோவுல கேட்டல்லா, அது நீ செஞ்சதுதானேன்னு. ஆமா, நான்தான் செஞ்சேன். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக நேராக. "தெரியும்மா. அதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே. தீப்தி, அனகா, டிரைவர் அண்ணா, எல்லாருக்கும் தெரியும், ஆரஞ்சு பாக்கெட் எங்க அம்மா செஞ்சதுன்னு. இப்ப நீ ஏன் சாப்பிட மாட்டேங்கறேன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது? எங்க அம்மா செஞ்சதைச் சாப்பிட்டுத்தான் எனக்கு இப்படி ஆயிடுச்சுன்னா?" என்ன சொன்ன? "பல்லு வலின்னு சொன்னேன். மூணு வாரமா பல்லு வலி." குரல் கொஞ்சம் பிசிறியது, உடனே இன்னொரு துண்டை எடுத்துக் கறுக்கென்று கடித்தாள், பிசிறை அதற்குள் மறைத்துக்கொண்டாள். நான் அவளைக் கட்டிப் பிடிக்கவில்லை, கையெல்லாம் மிளகாய்த் தூள். பக்கத்தில் போய் நின்றேன், தோள் என் தோளில் இடித்தது. இவ்வளவு உயரம் எப்போது வந்தது. பல்லு வலின்னு சொல்ல வேண்டாம், டாக்டர் நிறுத்தச் சொன்னாருன்னே சொல்லு, இப்படி ஆகும்னு எங்க அம்மாவுக்கும் தெரியலைன்னு சொல்லு, அதுல ஒண்ணும் எனக்குக் கொறச்சல் இல்ல. "நெஜமாவா?" நெஜமா. மறுபரிசோதனைக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது, அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. "அம்மா, இதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள் ஷாரன், மசாலாவை விரலில் தொட்டபடி. என்ன? "இழை ரொம்ப மெலிசு. நொறுக்கினா தூளாயிடுது. கொஞ்சம் தடியா இருக்கணும். புளிப்பு இன்னும் வேணும். உப்பு பரவாயில்ல." சொல்லிவிட்டு அவளே இடியாப்ப உரலைத் திறந்து அச்சை மாற்றினாள், மீதி மாவை உருட்டி உள்ளே போட்டாள், இரண்டு கையாலும் அழுத்தினாள், முகம் சிவந்தது, ஒன்றும் இறங்கவில்லை. "நகரவே மாட்டேங்குதும்மா." நான் அவள் கைமேல் கை வைத்து அழுத்தினேன். கிண்ணத்தில் கிடந்த நூடுல்ஸ் அதற்குள் ஊறி உப்பிக் கஞ்சியாகிவிட்டிருந்தது. "அதை யாரும்மா சாப்பிடறது?" என்றாள். அப்பா வருவாங்கல்லா, அவங்களுக்குப் பசிக்கும்லா என்றேன். வாய் நிறைய இருந்ததை மறந்து சிரித்தாள், துகள் எல்லாம் என் சேலைமேல் தெறித்தது, கையை எடுக்காத, அழுத்து என்றேன், தடித்தடியாக இழைகள் இறங்கத் தொடங்கின.